ஓலை இழைக்கத் தெரிந்தவர் உங்கள் கிராமத்திலேயே இருக்கிறார்
பன்னவேலைப் பயிற்சி பற்றி மீள்குடியேறும் குடும்பங்களுக்கு ஒரு விளக்கம்

சொந்த இடத்துக்குத் திரும்பும் குடும்பத்துக்கு முதலில் வேண்டியவை கூரை, கிணறு, பாதை. இவை ஓரளவு அமைந்ததும் கைச்செலவுக்கு என்ன செய்வது என்ற கேள்வி எழுகிறது. வயல் விதைத்தவர் அறுவடை வரை காத்திருக்க வேண்டும். கைக்குழந்தையுள்ள தாய், காலை இழந்தவர், வயோதிபரைப் பராமரிப்பவர் ஆகியோர் தினமும் கூலிவேலைக்குப் போக முடியாது. இவர்கள் வீட்டிலிருந்தபடியே செய்யக்கூடிய தொழில்களுள் ஒன்று பன்னவேலை. பனையின் ஓலை, நார், ஈர்க்கு ஆகியவற்றைக் கொண்டு செய்யும் கைப்பணி அது. பாய், தடுக்கு, பெட்டி, கடகம், சுளகு, நீத்துப்பெட்டி, குட்டான், உமல் என்று எமது வீடுகளில் நாளாந்தம் புழங்கிய பொருட்கள் பலவும் இந்த வேலையிலிருந்து வந்தவைதான்.

இக்கைப்பணியை நன்கு அறிந்தவர்களைக் கொண்டே மீள்குடியேறிய கிராமங்களில் பயிற்சிப் பட்டறைகள் நடத்தப்படுகின்றன. அவற்றில் யார் கற்பிக்கிறார்கள், என்ன வரிசையில் பழகுவது, ஓலை எடுக்கும்போது எதில் கவனமாக இருப்பது, வருமானத்தை எப்படிக் கணக்கிடுவது என்பவற்றை இக்கட்டுரை விளக்குகிறது.

ஏன் இப்போது பயிற்சி வேண்டும்?

முன்னர் பன்னவேலைக்கென்று வகுப்பு எதுவும் வேண்டியிருக்கவில்லை. தாயும் பேர்த்தியாரும் திண்ணையில் இருந்து இழைப்பார்கள். பிள்ளை பக்கத்தில் இருந்து, வெட்டி எறிந்த ஓலைத் துண்டுகளில் விளையாடியபடியே பழகிவிடும். இடப்பெயர்வு இந்தத் தொடர்ச்சியை அறுத்துவிட்டது. 1995 இல் வலிகாமத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களுக்கும், 2008, 2009 ஆம் ஆண்டுகளில் வன்னிக்குள் இடம் மாறி மாறி ஓடி இறுதியில் செட்டிகுளம் முகாம்களில் தங்கிய குடும்பங்களுக்கும் ஓலை காயவைக்க ஒரு முற்றம்கூட இருக்கவில்லை. அந்த ஆண்டுகளில் வளர்ந்த பிள்ளைகள் தறப்பாளையும் பிளாஸ்திக் வாளியையும் அறிவார்கள். கடகத்தை எப்படித் தொடங்குவது என்று அவர்களுக்குத் தெரியாது.

எனவே இன்று இந்த வேலையை முழுமையாக அறிந்தவர்கள் பெரும்பாலும் வயதில் மூத்த பெண்களே. அவர்களின் கைகள் இயங்கும் காலத்திலேயே அடுத்தவர்கள் பழகிக்கொள்ள வேண்டும். பன்னவேலையை எழுத்தில் வாசித்து மாத்திரம் கற்க முடியாது. ஓலை எவ்வளவு ஈரமாக இருக்க வேண்டும், எவ்வளவு இறுக்க வேண்டும் என்பவற்றைத் தெரிந்த ஒருவரின் பக்கத்தில் இருந்துதான் பழகலாம்.

யார் கற்பிப்பார்?

பயிற்றுநர் வெளியூரிலிருந்துதான் வரவேண்டும் என்பதில்லை. முதலில் உங்கள் கிராமத்தில் விசாரியுங்கள். "எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது பிள்ளை, நான் என்னத்தைப் படிப்பிக்கிறது?" என்று சில ஆச்சிமார் தயங்கக்கூடும். ஆனால் அவர் ஒரு பெட்டியை எடுத்துத் திருப்பிப் பார்த்தே எந்த இடத்தில் பிழை என்று சொல்லிவிடுவார். பயிற்சிக்கு வேண்டியது அந்த அறிவுதான். பெயர்ப் பதிவு, வரவு, கணக்கு ஆகியவற்றைப் படித்த இளம் பெண் ஒருவர் கவனித்துக்கொள்ளலாம். இவ்வாறு இருவர் சேர்ந்தால் ஒரு பட்டறையை நடத்த முடியும்.

அனுபவமுள்ளவரை இலவசமாக வந்து சொல்லித்தரும்படி கேட்பது நியாயமல்ல. அவர் உங்களுக்குத் தரும் நாள் அவருடைய உழைப்பு நாள். பயிற்சியை நடத்தும் நிறுவனமோ சங்கமோ அவருக்குரிய கொடுப்பனவை முன்கூட்டியே பேசித் தீர்க்க வேண்டும்.

பன்னவேலை இன்னாருக்குரியது, இன்னாருக்குரியதல்ல என்று நினைப்பவர்களும் உண்டு. அந்த எண்ணத்தால் ஒரு வீட்டின் வருமானம் தடைப்படக் கூடாது. கைகள் இருக்கும் எவரும் பழகலாம். ஆண்களும் பழகலாம்.

பழகும் வரிசை

முதல் வேலை ஓலையைத் தெரிவு செய்வது. மெல்லிய, வெண்மையான பொருட்களுக்குக் குருத்தோலை ஏற்றது. அதைவிட முற்றிய சார்வோலை பாரம் தாங்கும் பொருட்களுக்கு உதவும். காய்ந்து விழுந்த காவோலை வேலிக்கும் அடுப்புக்கும் போகும், இழைக்க உதவாது.

இரண்டாவது, பதப்படுத்துவது. வெட்டிய குருத்தை விரித்து வெயிலில் காயவிட வேண்டும். காய்ந்த பின் ஈர்க்கை நீக்கி ஓலையைச் சுருட்டிக் கட்டி வைக்கலாம். ஈரம் இருக்கும்போதே கட்டினால் பூஞ்சணம் பிடிக்கும், கறுத்த புள்ளி விழும். புள்ளி விழுந்த பொருளை எவரும் வாங்கமாட்டார்கள். மாரி தொடங்குவதற்கு முன்னரே போதிய ஓலையைக் காயவைத்துச் சேமிப்பவர்களுக்கு மழைக்காலத்திலும் வேலை இருக்கும்.

மூன்றாவது, ஓலை வார்தல். எல்லா இழையும் ஒரே அகலமாக இருக்க வேண்டும். இதற்குச் சத்தகம் பயன்படும். அதன் கூரிய காம்பு துளையிடவும் இழையைச் செருகவும் உதவும். புதிதாகப் பழகுபவர்கள் பலர் வார்தலில் அவசரப்பட்டுவிட்டு, பின்னர் பெட்டி கோணலாக வருகிறது என்று கவலைப்படுவார்கள். முதல் சில நாட்களும் ஓலை வாருவதிலேயே போனால் சலிப்படைய வேண்டாம்.

நான்காவது, இழைத்தல். இழைப்பதற்கு முன் ஓலையில் சிறிது நீர் தெளித்து நெகிழவிட வேண்டும். நடுப்பகல் வெயிலில் ஓலை முறுகி உடையும். காலையும் மாலையும் இழைக்க ஏற்ற நேரம். தடுக்கில் தொடங்குங்கள். அது தட்டையானது, பிழைத்தாலும் அவிழ்த்து மீண்டும் இழைக்கலாம். பின்னர் சிறு பெட்டி, அதில் மூலை மடக்கப் பழகலாம். அதன் பின்னரே மூடியுள்ள பெட்டி, நீத்துப்பெட்டி முதலியன. கடகம் கடைசியில் வரட்டும். அது இரண்டு அடுக்காக இழைக்கப்பட்டு விளிம்பு நாரால் பொத்தப்படுவது. நெல்லும் மண்ணும் சுமக்கும் பொருளாதலால் அதில் அரைகுறை வேலை நிற்காது.

சாயமிடுவதை இழைத்தல் கைவந்த பின் பழகினால் போதும். கொதிக்கும் நீரில் சாயத்தூளைக் கரைத்து, வார்ந்த ஓலையை அதில் அவித்து, கழுவி, நிழலில் உலர்த்துவார்கள். சமையலுக்குப் பயன்படும் பாத்திரத்தில் ஒருபோதும் சாயம் காய்ச்ச வேண்டாம். சிறு பிள்ளைகளை அடுப்படிக்குக் கிட்ட விட வேண்டாம். சாயநீரைக் கிணற்றுக்கு அருகில் ஊற்ற வேண்டாம். உணவு வைக்கும், அவிக்கும் பொருட்களுக்குச் சாயமிடாத வெள்ளோலையே நல்லது.

ஓலை எடுக்கப் போகுமுன் இதை வாசியுங்கள்

பனங்கூடல்கள் பல இடங்களில் போர் அரண்களாக இருந்தவை. முகமாலை, நாகர்கோவில் போன்ற பகுதிகளில் முன்னரங்குகள் பனங்காணிகளுக்கு ஊடாகவே சென்றன. மிதிவெடிகளும் வெடிக்காத வெடிபொருட்களும் அவ்விடங்களில் மண்ணுக்குள் இருக்கக்கூடும். நீங்கள் முன்னர் நடமாடிய காணியாக இருந்தாலும் இன்று அது பாதுகாப்பானது என்று நினைத்துவிட வேண்டாம்.

கண்ணிவெடி அகற்றப்பட்டு மக்களிடம் கையளிக்கப்பட்ட காணியில் மாத்திரம் ஓலை வெட்டுங்கள். சந்தேகமிருந்தால் கிராம அலுவலரிடம் கேளுங்கள். மண்டையோட்டு அடையாளமிட்ட சிவப்புப் பலகையைக் கண்டால் அதற்கு அப்பால் ஓர் அடியும் வைக்க வேண்டாம். பலகை இல்லை என்பதற்காக ஆபத்து இல்லை என்று கொள்ளவும் வேண்டாம்.

சந்தேகத்துக்குரிய பொருளைக் கண்டால் தொட வேண்டாம், கல் எறிய வேண்டாம், நெருப்பு வைக்க வேண்டாம். வந்த வழியே திரும்பி, கிராம அலுவலருக்கோ பொலிசாருக்கோ கண்ணிவெடி அகற்றும் பணியாளருக்கோ அறிவியுங்கள். ஆபத்தான பகுதிக்குள் நிற்கிறோம் என்று உணர்ந்தால் அசையாமல் நின்று உதவிக்குக் குரல் கொடுங்கள். ஓலையோ ஈர்க்கோ பொறுக்கிவரப் பிள்ளைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். ஒரு கட்டு ஓலைக்காக ஒரு காலை இழக்கக் கூடாது.

பனையையும் காக்க வேண்டும். போர்க்காலத்தில் பதுங்குகுழிகளுக்காகவும் காவலரண்களுக்காகவும் வெட்டப்பட்ட பனைகள் ஏராளம். செல் பட்டு வட்டிழந்து மொட்டையாக நிற்பவையும் உண்டு. எஞ்சியிருப்பவற்றில் குருத்தை ஒட்ட வெட்டினால் மரம் பட்டுவிடும். ஒரே மரத்தில் திரும்பத் திரும்ப வெட்டாமல் வெவ்வேறு வடலிகளில் மாறி மாறி எடுங்கள். பிறர் காணி என்றால் உரிமையாளரிடம் கேட்டு எடுங்கள். மாரிக்கு முன் சில பனங்கொட்டைகளை எல்லையோரம் புதைத்துவிடுங்கள். அவற்றின் ஓலை உங்கள் பிள்ளைகளுக்கு உதவும்.

வருமானம்: கணக்குப் பார்த்து இறங்குங்கள்

பன்னவேலையை மாத்திரம் நம்பி ஒரு குடும்பம் வாழ்வது கடினம். சந்தையில் பிளாஸ்திக் கூடை மலிவு. தோட்டம், கோழி, ஆடு போன்றவற்றோடு சேர்ந்த துணை வருமானமாகவே இதைக் கொள்ளுங்கள். அப்படிக் கொண்டால் பாடசாலைக் கொப்பி, பஸ் காசு, மருந்து போன்ற செலவுகளுக்குக் கடன்படாமல் இருக்க இது உதவும்.

விலை பேசும்போது உங்கள் நாளையும் எண்ணுங்கள். ஓர் உதாரணம்: ஒரு வியாபாரி 20 சிறு பெட்டிகளை ஒன்று 60 ரூபா வீதம் கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 1200 ரூபா. ஓலைக்கு 200, சாயத்துக்கு 80, போக்குவரத்துக்கு 120 என 400 ரூபா செலவு. மிகுதி 800 ரூபா. இருபதையும் நான்கு நாளில் முடித்தால் நாளுக்கு 200 ரூபா. எட்டு நாள் எடுத்தால் நாளுக்கு 100 ரூபாதான். வேகம் பழகப் பழகத்தான் வரும். ஆகவே பழகும் காலத்தில் பெரிய கட்டளைகளை ஏற்று அவதிப்பட வேண்டாம். ஓலை சொந்தக் காணியில் எடுத்ததாக இருந்தாலும் அதன் பெறுமதியைக் கணக்கில் சேருங்கள்.

தனியாக விற்பதைவிடக் கூட்டாக விற்பது நல்லது. மாதர் கிராம அபிவிருத்திச் சங்கம் ஊடாக ஒரே அளவு, ஒரே தரம் என்று சேர்த்துக் கொடுத்தால் விலை பேசும் பலம் கிடைக்கும். 1978 இல் அமைக்கப்பட்ட பனை அபிவிருத்திச் சபை பனைசார் கைப்பணிகளுக்கான பயிற்சியிலும் விற்பனையிலும் ஈடுபட்டுவருகிறது. பிரதேச செயலகத்திலுள்ள மகளிர் அபிவிருத்தி உத்தியோகத்தரிடம் விசாரித்தால் உங்கள் பகுதியில் நடைபெறும் பயிற்சிகளை அறியலாம்.

சேருவதற்கு முன் கேட்க வேண்டியவை

எந்த நிறுவனம் பயிற்சி நடத்தினாலும், எமது நிறுவனம் உட்பட, பின்வருவனவற்றைக் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு.

பயிற்சி எத்தனை நாள், எத்தனை மணி நேரம்? பிள்ளையைக் கூட்டிவரலாமா?
ஓலையும் சத்தகமும் தருவார்களா, நாங்கள் கொண்டுவர வேண்டுமா?
பயிற்சியில் செய்த பொருட்கள் யாருக்குச் சொந்தம்? விற்றால் பணம் யாருக்கு?
பயிற்றுநர் எந்தப் பொருட்களைச் செய்வதில் அனுபவமுள்ளவர்? அவர் செய்தவற்றைப் பார்க்கலாமா?
பயிற்சி முடிந்த பின் சந்தேகம் வந்தால் யாரிடம் போவது? விற்பனைக்கு என்ன ஒழுங்கு?

கடைசிக் கேள்வியே முக்கியமானது. சான்றிதழ் தந்து படம் எடுத்ததோடு முடியும் பயிற்சியால் வீட்டுக்கு வருமானம் வராது. பயிற்றுநர் அயலவராக இருந்தால் ஒரு பெரிய நன்மை உண்டு. ஆறு மாதம் கழித்தும், பிழைத்துப்போன பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு அவரிடம் நடந்துபோகலாம்.

வேலை தெரிந்த மூத்தவர்களுக்கு

உங்களுக்குத் தெரிந்ததை மாதர் சங்கத்துக்கோ கிராம அலுவலருக்கோ தெரியப்படுத்துங்கள். கண் மங்கியிருந்தாலும், கை நடுங்கினாலும் பரவாயில்லை. நீங்கள் இழைத்துக் காட்ட முடியாதபோது சொல்லிக்கொடுக்கலாம். "ஓலையை இழுக்காதை பிள்ளை, படிய விடு" என்று நீங்கள் சொல்லும் ஒரு வார்த்தை, பழகுபவரின் பல நாள் சிரமத்தைக் குறைக்கும். உங்கள் வீட்டில் பழைய கடகமோ மூடற்பெட்டியோ தப்பியிருந்தால் எறியாமல் வையுங்கள். அவிழ்த்துப் பார்த்துப் பழக அது ஒரு பாடமாகும்.

பயிற்சியில் சேரவோ கற்பிக்கவோ விரும்புபவர்கள் உங்கள் கிராமத்துக்கு வரும் எமது களப்பணியாளரிடம் பெயரைப் பதியலாம். பதிவுக்குக் கட்டணம் இல்லை. யாராவது பணம் கேட்டால் கொடுக்க வேண்டாம், எமக்கு அறிவியுங்கள்.