கண்ணுக்கு எட்டாத உலகம் – 14: கதிர் கீறிய கண்

தை அறுவடை நேரம். சோழவந்தான் பக்கம் வயலில் குனிந்து கதிர் அறுக்கும்போது தாளின் நுனி கண்ணில் பட்டுவிடுகிறது. தண்ணீர் விட்டுக் கழுவிவிட்டு மறுபடியும் அரிவாளை எடுத்துவிடுவார்கள். இரண்டு நாளில் கருவிழியில் வெள்ளையாக ஒரு புள்ளி விழும். கண் கரகரக்கும், வெளிச்சம் பார்க்க முடியாமல் கூசும்.

மதுரை வட்டாரத்தில் இது எத்தனை பேரைப் பிடிக்கிறது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. 1994 ஜனவரி முதல் மார்ச் வரை, மூன்றே மாதத்தில், கருவிழிப் புண்ணோடு மதுரை அரவிந்த் கண் மருத்துவமனைக்கு வந்தவர்கள் 434 பேர். அவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கினருக்குக் கண்ணில் அடிபட்டிருந்தது. கிருமி வளர்ந்து அடையாளம் தெரிந்தவர்களில் பாக்டீரியாவும் பூஞ்சையும் கிட்டத்தட்ட பாதிக்குப் பாதி. ஒன்றுக்கான மருந்து மற்றதற்கு உதவாது.

அதனால்தான் புண்ணைச் சுரண்டிப் பார்க்கிறார்கள். மரத்துப்போகச் செய்யும் சொட்டு விட்டு, ஸ்லிட் லாம்ப் என்ற கண் நுண்ணோக்கி முன் தாடையை வைக்கச் சொல்லி, ஓரத்தில் துளி எடுத்துக் கண்ணாடித் தகட்டில் தடவுகிறார்கள். சூடு காட்டிச் சாயம் ஏற்றினால், சில நிமிடங்களில் ஊதா நிறத்தில் ஜோடி ஜோடியாக நிமோகாக்கஸ் தெரியும். அந்த 1994 பட்டியலில் பாக்டீரியாக்களில் முதலிடம் இதற்குத்தான்.

ஆனால் அந்தத் தகட்டில் இருப்பவை செத்த பாக்டீரியாக்கள். வந்திருப்பது யார் என்று அவை சொல்லும். எந்த மருந்துக்கு மசியும் என்று சொல்லாது. அதைத் தெரிந்துகொள்ள உயிருள்ள கிருமியைத் தட்டில் வளர்த்து, மருந்து வில்லைகளை வைத்து, சுற்றிலும் வளர்ச்சி நின்றுபோன வட்டத்தை அளக்க வேண்டும். வளர ஒரு நாள், வட்டம் விழ இன்னொரு நாள். புண் அதுவரை காத்திருக்காது.

உயிருள்ள பாக்டீரியாவை நேரடியாகப் பார்த்துவிட்டால் என்ன? அது கண்ணாடி மாதிரி. ஒளி ஊடுருவிப் போய்விடும். ஆனால் அதன் உடலைக் கடக்கும் ஒளி, பக்கத்தில் நீரைக் கடக்கும் ஒளியைவிடச் சற்றே பின்தங்கும். அந்தப் பின்தங்கலைக் கறுப்பு வெளுப்பாக மாற்றிக் காட்டும் நுண்ணோக்கியை உருவாக்கினார் டச்சு இயற்பியலாளர் ஃபிரிட்ஸ் செர்னிகே. 1953இல் அதற்காக நோபல் பரிசு பெற்றார். சாயம் வேண்டாம், கொல்லவும் வேண்டாம்.

அந்த நுண்ணோக்கியின் கீழ் ஈ.கோலை பாக்டீரியாவுக்குப் பென்சிலின் வகை மருந்து கொடுத்துப் பாருங்கள். நல்ல தீனி கிடைத்தால் இருபது நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டாகும் உயிர் அது. மருந்து பட்டதும் முதலில் ஒன்றும் நடக்காது. வளர்ந்துகொண்டேதான் இருக்கும், பிரிய மட்டும் முடியாது. சேமியா போல நீளும். பிறகு நடு உடம்பில் ஒரு கொப்புளம். சுவர் கட்டும் வேலையை மருந்து கெடுத்துவிட்டது, உள்ளே அழுத்தமோ குறையவில்லை. கொப்புளம் பருத்துச் சட்டென்று வெடிக்கும். கரிய உருவம் இருந்த இடத்தில் மங்கிய நிழல் மட்டும் மிஞ்சும். பென்சிலினில் பாக்டீரியா இப்படி நீள்வதையும் வீங்குவதையும் 1940லேயே கார்டனர் என்ற ஆய்வாளர் எழுதிவிட்டார்.

எல்லாம் வெடிப்பதில்லை என்பதுதான் என்னை உலுக்கிய காட்சி. ஏதோ ஒன்றிரண்டு வளராமல், அசையாமல் கிடக்கும். அவற்றிடம் எதிர்ப்பு மரபணு கிடையாது. மருந்து வருவதற்கு முன்பே தூங்கிக்கொண்டிருந்தவை என்று 2004இல் நதாலி பலபான் குழுவினர் ஒவ்வொரு செல்லாகப் பின்தொடர்ந்து காட்டினார்கள். மருந்து அகன்றதும் எழுந்து பெருகின. வளர்ச்சியை நிறுத்தித்தான் தப்பித்திருக்கின்றன.

உயிருள்ள பாக்டீரியாவை நேரடியாகப் பார்க்கும் இந்த வழியையே சோதனையாக்கியது சுவீடனின் உப்சாலா பல்கலைக்கழகம். மிக நுண்ணிய கால்வாய்களில் பாக்டீரியாவைச் சிறைப்பிடித்து, மருந்து பட்டதும் வளர்ச்சி வேகம் குறைகிறதா என்று ஒளியால் அளந்தார்கள். அதிலிருந்து உருவான கருவி சிறுநீர்த் தொற்றுக்கு ஏற்ற மருந்தை 45 நிமிடத்தில் சொல்கிறது. 2024இல் பிரிட்டனின் லாஞ்சிட்யூட் பரிசு, 80 லட்சம் பவுண்டு, அதற்குக் கிடைத்தது.

கண்ணுக்கு அது போதாது. சிறுநீரில் கிருமிகள் ஏராளமாகக் கிடைக்கும். கருவிழியில் சுரண்டினால் கிடைப்பதோ ஊசிமுனை அளவு. நோயாளியின் கண்ணுக்குள்ளேயே பூஞ்சை இழையைக் காட்டும் கான்ஃபோக்கல் கருவியை மதுரையில் ஆய்ந்து பார்த்திருக்கிறார்கள். பாக்டீரியா அதற்கும் அகப்படாத அளவுக்குச் சிறியது. கருவிழிப் புண்ணுக்கென்று ஒரு விரைவுச் சோதனை வர வேண்டும். அதை உருவாக்க மதுரையைவிடத் தகுந்த ஊர் இல்லை என்பது என் உறுதியான எண்ணம்.

அதுவரை ஒன்று கேட்டுக்கொள்கிறேன். கதிரோ சுணையோ கண்ணில் பட்டால் நாக்கால் எடுக்கச் சொல்லாதீர்கள். தாய்ப்பால், நந்தியாவட்டைச் சாறு எதுவும் விடாதீர்கள். மெடிக்கல் ஷாப்பில் ஸ்டீராய்டு கலந்த சொட்டு மருந்தை நீங்களாக வாங்காதீர்கள். அன்றைக்கே கண் மருத்துவரிடம் போங்கள். ஏற்கெனவே ஏதாவது சொட்டு விட்டிருந்தால் அந்தப் பாட்டிலையும் கையோடு எடுத்துப்போங்கள். மருந்து பட்ட புண்ணில் சுரண்டி எடுத்தது தட்டில் வளராமலே போகலாம்.