பீட்டரின் குட்டி நாற்காலி: மாற்றத்தைச் சொல்லும் சிறுவர் கதைகள்

வீட்டில் தங்கைப் பாப்பா பிறக்கிறது. அப்பாவுக்கு வேலை வேறு ஊருக்கு மாறுகிறது. வளர்த்த பூனை செத்துப்போகிறது. இவற்றில் எதுவும் பிள்ளையைக் கேட்டு நடப்பதில்லை. மாற்றத்தைப் பேசும் நல்ல சிறுவர் கதைகளும் நடப்பதைத் தடுப்பதில்லை. நடந்த பிறகு பிள்ளை தானாக முடிவு செய்ய என்ன மிச்சம் இருக்கிறது என்றுதான் தேடுகின்றன.

அமெரிக்க ஓவியர் எஸ்ரா ஜாக் கீட்ஸ் 1967-ல் வெளியிட்ட 'பீட்டர்ஸ் சேர்' இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பீட்டருக்கு சூசி என்ற தங்கை பிறந்திருக்கிறாள். அவன் படுத்த தொட்டிலுக்கும், உட்கார்ந்து சாப்பிட்ட உயர நாற்காலிக்கும் இளஞ்சிவப்பு வண்ணம் பூசியாகிவிட்டது. வண்ணம் படாமல் மிஞ்சியது நீல நிறக் குட்டி நாற்காலி ஒன்றுதான். அதைத் தூக்கிக்கொண்டு, நாய் வில்லியையும் கூட்டிக்கொண்டு பீட்டர் வீட்டைவிட்டு ஓடுகிறான். ஓட்டம் வீட்டு வாசலோடு நின்றுவிடுகிறது. அங்கே நாற்காலியில் உட்காரப் பார்க்கிறான், முடியவில்லை. அவன் வளர்ந்துவிட்டான்.

கதையின் திருப்பம் முழுவதும் இந்த ஒரு படத்தில் இருக்கிறது. 'நீ இப்போது அண்ணன், விட்டுக்கொடு' என்று யாரும் அவனுக்குப் புத்தி சொல்லவில்லை. நாற்காலியே சொல்லிவிட்டது. வீட்டுக்குள் வந்து பெரியவர்கள் உட்காரும் நாற்காலியில் அமர்கிறான். குட்டி நாற்காலிக்கும் சூசிக்காக வண்ணம் பூசலாம் என்று அப்பாவிடம் அவனே சொல்கிறான். இந்த வாக்கியத்தை அம்மாவின் வாயில் வைத்திருந்தால் கதை அறிவுரையாகிச் செத்திருக்கும்.

வர்ஜீனியா லீ பர்ட்டன் 1939-ல் எழுதிய 'மைக் முல்லிகன் அண்ட் ஹிஸ் ஸ்டீம் ஷவல்' வேறு வகை மாற்றத்தை எடுத்துக்கொள்கிறது. மேரி ஆன் என்பது நீராவியில் ஓடும் மண் தோண்டும் இயந்திரம், இன்றைய பொக்லைனுக்கு மூத்தவள். பெட்ரோல், டீசல், மின்சார இயந்திரங்கள் வந்ததும் அவளுக்கு வேலை போய்விடுகிறது. அவளைப் பழைய இரும்புக்குப் போட, அவளை இயக்கும் மைக்குக்கு மனமில்லை. பாப்பர்வில் என்ற சிற்றூரின் நகர மன்றக் கட்டடத்துக்கு ஒரே நாளில் நிலவறை தோண்டித் தருவதாக ஏற்று, இருவரும் அதை முடித்தும் விடுகிறார்கள். அவசரத்தில் வெளியேற வழி விட மறந்துபோகிறது. ஒரு சிறுவன் யோசனை சொல்கிறான்: மேரி ஆன் குழிக்குள்ளேயே இருந்து கட்டடத்தைச் சூடாக்கும் கொதிகலனாகட்டும், மைக் அங்கேயே பராமரிப்பாளராகட்டும். பழைய வேலை திரும்பவில்லை, பழைய நீராவிக்குப் புதிய வேலை கிடைத்தது. யோசனை பெரியவர்களிடமிருந்து வராமல் சிறுவனிடமிருந்து வருவதும் தற்செயல் அல்ல.

இதே பர்ட்டன் 1942-ல் எழுதிய 'தி லிட்டில் ஹவுஸ்' படப் புத்தகங்களுக்கான கால்டெகாட் விருது பெற்றது, படங்களும் அழகு. ஆனால் நகரம் சூழ்ந்து நெருக்கும் வீட்டைப் பெயர்த்துக் கிராமத்துக்குக் கொண்டுபோவதுதான் அதில் தீர்வு. மாற்றத்தோடு வாழ்வதைவிட அதிலிருந்து தப்புவது பற்றிய கதை என்றே அதைச் சொல்ல வேண்டும்.

சரிசெய்யவே முடியாத இழப்புகளை எழுதியவர் ஜூடித் கெர். 1923-ல் பெர்லினில் பிறந்த யூதப் பெண். 1933-ல் குடும்பம் நாஜிகளிடமிருந்து தப்பி சுவிட்சர்லாந்து, பிரான்ஸ் வழியாக இங்கிலாந்து சேர்ந்தது. அந்த அனுபவத்திலிருந்து பிறந்த 1971-ம் ஆண்டு நாவல் 'வென் ஹிட்லர் ஸ்டோல் பிங்க் ராபிட்'. சிறுமி அன்னா ஒரு பொம்மையை மட்டும் எடுத்துப்போகலாம். சீக்கிரம் திரும்பிவிடுவோம் என்று நம்பிப் புதிய நாய் பொம்மையை எடுக்கிறாள், பழைய முயல் பெர்லினிலேயே தங்கிவிடுகிறது. கடைசிவரை அது அவளிடம் வந்து சேர்வதில்லை.

கெர் 2002-ல் 'குட்பை மாக்' நூலில், 1970 முதல் பிள்ளைகள் நேசித்த மாக் என்ற பூனையைச் சாகவிட்டார். உடலைவிட்டுப் போன மாக், அடுத்து என்ன நடக்கிறதென்று பார்க்கக் கொஞ்ச காலம் வீட்டிலேயே சுற்றுகிறது. வந்து சேர்ந்த மிரண்ட குட்டிப் பூனை அந்த வீட்டோடு ஒட்டிக்கொள்ளவும் உதவுகிறது. பீட்டரின் கதை மூன்று, நான்கு வயதுக்கே பொருந்தும். அன்னாவின் நாவலைத் தானாக வாசிக்கத் தெரிந்த பிள்ளையிடம் கொடுக்கலாம். 'குட்பை மாக்'கைப் பெரியவர் யாராவது பக்கத்தில் உட்கார்ந்து படித்துக்காட்டுவதே நல்லது.