உங்கள் பட்டுச்சேலையைத் தின்றது யார்?

பீரோவைத் திறந்ததும் இருட்டு மூலைக்கு ஓடி ஒளிகிறதே, பொன்னிற அந்துப்பூச்சி... அது உங்கள் சேலையில் ஒரு இழையைக்கூடத் தின்றதில்லை! தின்னக்கூடிய வாயே அதற்குக் கிடையாது!

அப்படியானால் ஓட்டை போட்டது யார்? அதன் பிள்ளைகள்! ஒரு தாய்ப்பூச்சி இடுவது சுமார் 40 முட்டை. புழுவாக இருக்கும்போது தின்றதை வைத்துத்தான் பூச்சி தன் மீதி ஆயுளை ஓட்டுகிறது!

பட்டு நூல் யார் கொடுத்தது? பட்டுப்பூச்சியின் புழு. தின்பது? இன்னொரு பூச்சியின் புழு!

அந்தப் புழு தின்னும் கம்பளி, முடி, இறகு எல்லாமே கெரட்டின் என்ற புரதம். நம் வயிற்றுக்கு அது செரிக்கவே செரிக்காது. இந்தப் புழுவின் குடலிலோ சோப்புத் தண்ணீருக்கு நிகரான காரம்! கெரட்டினைக் கட்டி வைத்திருக்கும் கந்தகப் பிணைப்பே அங்கே அறுந்துபோகிறது!

பச்சைத் தண்ணீர்கூட அதன் பல்லில் பட வேண்டாம். தின்னும் கம்பளியிலிருந்தே தனக்கு வேண்டிய நீரை எடுத்துக்கொள்கிறது!

பருத்தி அதற்குச் செரிக்காது. ஆனால் வியர்வையோ குழம்புக் கறையோ இருந்தால் அதையும் கடித்து வைக்கும்! கறையில் அதற்கு உப்பும் வைட்டமினும் கிடைக்கின்றன. துவைக்காமல் மடித்து வைத்த கல்யாணச் சேலை அதற்குப் பந்தி இலை!

இதைக் கேளுங்கள். ஒரு வகைப் புழு, தின்னும் துணியின் இழைகளையே கோத்துத் தனக்கு ஒரு உறை தைத்துக்கொள்கிறது! போகுமிடமெல்லாம் அதை இழுத்துக்கொண்டே போகும். உடம்பு பெருத்தால்? பக்கவாட்டில் கத்தரித்து ஒட்டுத்துணி வைத்துவிடும், தேர்ந்த தையற்காரர் மாதிரி! சிவப்புக் கம்பளியிலிருந்து நீலத்துக்கு மாற்றி விட்டால் உறையில் சிவப்பு, நீலப் பட்டைகள்! எச்சத்திலும் துணியின் சாயமே!

சாப்பாடும் சூடும் சரியாக இல்லையா? புழுப் பருவம் 2 ஆண்டு வரைகூட நீளும்!

‘அந்துருண்டை’ என்ற பெயரிலேயே ‘அந்து’ இருக்கிறது, கவனித்தீர்களா? அந்த உருண்டை உருகுவதே இல்லை. அப்படியே ஆவியாகிறது! ஆவி நிறைந்து நிற்கும்படி இறுக மூடிய பெட்டியில்தான் அதற்கு வேலை!

உருண்டை பிடிக்காதா? கம்பளியைப் பையில் கட்டி, −18 டிகிரி ஃப்ரீஸரில் 2 வாரம் வையுங்கள். முட்டையும் காலி! அருங்காட்சியகங்களிலும் குளிர்வித்துத்தான் துணிகளைக் காப்பாற்றுகிறார்கள்!

உலகில் சுமார் 1,60,000 வகை அந்துப்பூச்சிகள். துணி தின்பவை விரல்விட்டு எண்ணக்கூடிய சிலதான்! அவற்றின் சொந்தக்காரப் பூச்சி ஒன்று அமெரிக்காவின் ஃப்ளோரிடாவில் இருக்கிறது. அதன் புழுவுக்குச் சாப்பாடு, செத்த ஆமையின் ஓடு!