முதல் கார் - 9: விலைச்சீட்டில் இல்லாத செலவு

கார் வாங்குவது என்று முடிவானதும் வீட்டில் நடக்கும் பேச்சு இரண்டு எண்களைச் சுற்றியே வரும். ஆன்ரோடு விலை எவ்வளவு, மாதத் தவணை எவ்வளவு? இரண்டும் முக்கியம்தான். ஆனால் எது மலிவான கார் என்பது ஷோரூமில் சாவி வாங்கும் அன்று தெரிவதில்லை. ஐந்து வருடம் ஓட்டி, விற்று, கூட்டிக் கழித்துப் பார்த்தால்தான் தெரியும். சென்ற வாரம் கடன் பற்றிப் பார்த்தோம். இந்த வாரம் அந்த ஐந்து வருடக் கணக்கு.

நான்கு செலவுகள்

ஆறு லட்ச ரூபாய் கார், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம், லிட்டருக்கு 18 கிலோமீட்டர் மைலேஜ், பெட்ரோல் 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு ஏறக்குறைய 55,500 ரூபாய் பெட்ரோலுக்குப் போகும். இது எல்லோரும் போடுகிற கணக்கு.

பலர் போடாத கணக்கு தேய்மானம். இன்ஷூரன்ஸ் நிறுவனங்கள் பின்பற்றும் அட்டவணைப்படி, நான்கு வயது முடிந்து ஐந்தாவது வயதில் இருக்கும் காருக்கு 50 சதவீதம் கழித்துவிடுகிறார்கள். சந்தையிலும் அதே வேகத்தில் விலை இறங்கினால் மூன்று லட்சம் போய்விடும். ஆண்டுக்கு 60,000 ரூபாய், பெட்ரோலைவிட அதிகம்!

மூன்றாவது செலவு இன்ஷூரன்ஸ். 2022 ஜூனில் வந்த கட்டணப்படி, ஓராண்டு தேர்டு பார்ட்டி பிரீமியம் 1,000 சிசி வரையிலான காருக்கு 2,094 ரூபாய். அதற்கு மேல் 1,500 சிசி வரை 3,416 ரூபாய்.

நான்காவது பராமரிப்பு. ஆயில், ஃபில்டர், பிரேக் பேட் என்று முதல் சில வருடங்களில் இது சின்னச் செலவுதான். ஆனால் மற்ற மூன்றையும் முன்கூட்டியே கணக்குப் போட்டுவிடலாம். இது ஒன்றுதான் சொல்லாமல் கொள்ளாமல் வந்து ஒரு மாதச் சம்பளத்தைக் கேட்கும். கார் நம்பகமானதா என்று நாம் விசாரிப்பதே இதற்காகத்தான்.

டாக்ஸி ஸ்டாண்டில் கேளுங்கள்

நம்பகமான கார் எது என்று விளம்பரத்தைவிடத் தெளிவாகச் சொல்லக்கூடியவர்கள் டாக்ஸி ஓட்டுநர்கள். கார் ஒரு நாள் பட்டறையில் நின்றால் அவர்களுக்கு அன்றைய வருமானம் இல்லை. டொயோட்டா எட்டியோஸ் 2010-இல் வந்தபோது, உள்ளே பார்க்க ரொம்பச் சாதாரணமாக இருக்கிறது என்று குடும்பங்கள் தயங்கின. டாக்ஸிக்காரர்கள் தயங்கவில்லை. 2020-இல் விற்பனை நின்ற பிறகும் தமிழகச் சாலைகளில் எட்டியோஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. டிசையரும் வேகன் ஆரும் டாக்ஸிக்காரர்கள் நம்பும் கார்கள்தான். இவற்றில் ரிப்பேரே வராது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். வந்தால் பக்கத்து ஊர் மெக்கானிக்கே பார்த்துவிடுவார், ஸ்பேர் அன்றைக்கே கிடைத்துவிடும். நடுத்தரக் குடும்பத்துக்கு வேண்டிய நம்பகம் இதுதான்.

கம்பெனி போனால்?

செவர்லே 2017 முடிவில் இந்திய விற்பனையை நிறுத்தியது. மறைமலைநகரில் தொழிற்சாலை வைத்திருந்த ஃபோர்டு, 2021 செப்டம்பரில் இந்தியாவில் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. 2022-இல் டட்சன் போனது. இந்த கார்களெல்லாம் செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். ஃபோர்டு கார்களின் உறுதியை ஓட்டியவர்கள் இன்றும் மெச்சுவார்கள். சர்வீஸும் ஸ்பேரும் தருவதாக நிறுவனம் சொல்லியிருக்கிறது. ஆனால் உங்கள் ஊரிலிருந்து சர்வீஸ் சென்டர் எத்தனை கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது, ஒரு ஹெட்லைட் வர எத்தனை நாளாகும் என்று விசாரிக்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள்.

இதற்கு ஒரு மறுபக்கமும் உண்டு. ஃபியட் கார்கள் இங்கே விற்பனையில் இல்லை. ஆனால் ஃபியட்டின் 1.3 மல்டிஜெட் டீசல் இன்ஜின் ஸ்விஃப்ட், டிசையர், ரிட்ஸ், இண்டிகா விஸ்டா என்று பல கார்களில் ஓடியது. அதனால் அந்த இன்ஜினைப் பிரித்துப் பழகிய கைகள் ஊருக்கு ஊர் இருக்கின்றன. காரின் பெயரோடு நிறுத்தாமல், அதே இன்ஜின் வேறு எந்தெந்த கார்களில் இருக்கிறது என்றும் கேளுங்கள். எத்தனை கார்களில் ஓடுகிறதோ அந்த அளவுக்கு ஸ்பேர் எளிதாகக் கிடைக்கும்.

பானட்டுக்கு உள்ளே

செகண்ட் ஹேண்ட் கார் பார்க்கும்போது டைமிங் பெல்ட்டா, டைமிங் செயினா என்று கட்டாயம் கேளுங்கள். பழைய சான்ட்ரோவின் 1.1 இன்ஜினில் இருந்தது பெல்ட். பின்னால் ஐ10-இல் வந்த 1.2 கப்பா இன்ஜினில் செயின். பெல்ட்டை நிறுவனம் சொன்ன கிலோமீட்டரில் மாற்ற வேண்டும். மாற்றாமல் ஓட்டி அறுந்தால், பல இன்ஜின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும். சில ஆயிரத்தில் முடிய வேண்டிய வேலை, இன்ஜினைப் பிரிக்கும் வேலையாகிவிடும். பெல்ட் மாற்றிய பில் இல்லையென்றால், மாற்றவில்லை என்றே கொண்டு அந்தத் தொகையை விலையில் குறையுங்கள்.

கிளட்ச் மிதிக்காமல் கியர் தானே மாறும் ஏஎம்டி வசதியானது. ஆனால் அதற்குள்ளும் சாதாரண கிளட்ச்தான் இருக்கிறது. உங்கள் காலுக்குப் பதில் ஆக்சுவேட்டர் அதை இயக்குகிறது. நெரிசலில் ஊர்ந்தால் கிளட்ச் தேயும். ஆக்சுவேட்டர் பழுதானால் மேனுவல் காரில் இல்லாத ஒரு செலவு கூடுதலாக வரும்.

டீசல் மைலேஜ் தரும். ஒரே காரின் டீசல் மாடல் ஒரு லட்சம் ரூபாய் அதிகம், மைலேஜ் 22, டீசல் 92 ரூபாய் என்று வைத்தால், 10,000 கிலோமீட்டருக்கு மிச்சமாவது சுமார் 13,700 ரூபாய்தான். அந்த ஒரு லட்சத்தை எடுக்க ஏழு வருடத்துக்கு மேல் ஆகும். 2020 ஏப்ரலில் அமலுக்கு வந்த பிஎஸ்-6 புகை விதிப்படி தயாராகும் டீசல் கார்களில் புகைக்கரியைப் பிடித்துவைக்கும் டிபிஎஃப் ஃபில்டர் உண்டு. அதில் சேரும் கரி எரிய, வண்டி நெடுஞ்சாலையில் சீராக ஓட வேண்டும். பள்ளிக்கூடம், மார்க்கெட் என்று இரண்டு கிலோமீட்டர் ஓட்டுபவர்களுக்கு அந்த ஃபில்டர் அடைத்துக்கொள்ளும்.

ஐந்து பொருள், ஒரு தாள்

பட்டியலில் இரண்டு மூன்று கார்கள் மிஞ்சியதும் ஸ்பேர் கடைக்குப் போங்கள். சென்னையில் என்றால் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. மற்ற ஊர்களில் மெக்கானிக் கைகாட்டும் கடை. ஒவ்வொரு காருக்கும் கிளட்ச் செட், முன் பிரேக் பேட், ஷாக் அப்சார்பர், ஆல்டர்னேட்டர், ஹெட்லைட் ஆகிய ஐந்துக்கும் விலை கேட்டு ஒரு தாளில் எழுதுங்கள். பக்கத்திலேயே 'கையிருப்பா, ஆர்டரா?' என்றும் குறித்துக்கொள்ளுங்கள். அரை நாள் வேலை. நூறு வீடியோ பார்த்தாலும் கிடைக்காத தெளிவு கிடைக்கும். டயர் அளவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். டாப் வேரியண்டின் பெரிய அலாய் வீலுக்கு டயர் விலையும் அதிகம்.

வாங்கிய பிறகு காக்க வேண்டியது சர்வீஸ் அட்டவணையை. பெரும்பாலான சிறிய கார்களுக்கு 10,000 கிலோமீட்டர் அல்லது ஒரு வருடம், எது முதலில் வருகிறதோ அது. குறைவாக ஓட்டுபவர்களும் ஆண்டுக்கு ஒருமுறை ஆயில் மாற்ற வேண்டும். அதே நேரம், பில்லில் இன்ஜின் ஃப்ளஷ், கோட்டிங் என்று வந்தால் கையேட்டைப் பாருங்கள். அதில் இல்லாததை வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு முழு உரிமை உண்டு.

முதல் கார், ஏழு லட்சத்துக்குள் பட்ஜெட், ஆண்டுக்கு 10,000 கிலோமீட்டர் ஓட்டம் என்றால் என் பரிந்துரை இதுதான்: டர்போ இல்லாத பெட்ரோல் இன்ஜின், மேனுவல் கியர், நடு வேரியண்ட். அதே இன்ஜின் பல மாடல்களில் ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சர்வீஸ் உங்கள் ஊரிலேயே இருக்க வேண்டும். நிறமும் டச் ஸ்க்ரீனும் பிறகு பார்த்துக்கொள்ளலாம். ஷோரூமுக்குப் போவதற்கு முன் ஸ்பேர் கடைக்கு ஒரு நடை போய் வாருங்கள்.

(தொடரும்)