உள்ள குட்த்துருந்தா கோலு!

புழல் காவாங்கரையில் ஜி.என்.டி. சாலையை ஒட்டிய டீக்கடைகளில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் இரண்டு வகை ஆட்களைப் பார்க்கலாம். துறைமுகத்துக்குப் போகும் டிரெய்லர் லாரி ஓட்டுநர்கள் ஒரு பக்கம். முழங்கால் வரை மண்ணோடு, தோளில் ஷூவைத் தொங்கவிட்டபடி நிற்கும் பையன்கள் இன்னொரு பக்கம். ஓட்டுநர்கள் அமைதியாக டீ குடிப்பார்கள். பையன்களால் அது முடியாது.

"அவன் அந்த சைடு எம்பாப்பேக்குக் குட்த்துருந்தா கோலுடா."

"எங்க குடுக்குறது? எம்பாப்பே எங்க வர்றான்னு பாக்க அவனுக்கு முதுகுல கண்ணா கீது?"

"தலைய தூக்கிப் பாக்கணும் மச்சான். அதுக்குத்தான் தலை."

உலகக் கோப்பை முடிந்து வருடங்கள் ஓடிவிட்டன. ஆனாலும் பிரான்ஸின் கோலோ முவானி என்ற பெயரை எடுத்தால் போதும், டீ ஆறிவிடும். 2022 டிசம்பர் 18, கத்தாரின் லுசைல் மைதானம், இறுதி ஆட்டம். அர்ஜென்டினா 3, பிரான்ஸ் 3. கூடுதல் நேரமும் முடிந்து 123-வது நிமிடம் ஓடிக்கொண்டிருக்கிறது. பின்னாலிருந்து உயரமாக வந்த பந்து ஒரு துள்ளு துள்ளுகிறது. கோலோ முவானிக்கு எதிரே கோல்கீப்பர் எமிலியானோ மார்ட்டினெஸ் மட்டும்தான். அடிக்கிறார். மார்ட்டினெஸ் அகல விரித்த இடது காலில் பட்டுப் பந்து தெறிக்கிறது. அடுத்த சில நொடிகளில் மறுமுனையில் லவுத்தாரோ மார்ட்டினெஸ் தலையால் முட்டிய பந்து கோலுக்கு வெளியே போனது பலருக்கு நினைவே இல்லை. பெனால்டியில் 4-2. கோப்பை மெஸ்ஸிக்கு.

பந்தைத் தூக்கிப் போட்டிருக்கலாம், அல்லது மறுபக்கம் ஓடிவந்த எம்பாப்பேக்குத் தள்ளியிருக்கலாம் என்று கோலோ முவானியே பின்னாளில் பேட்டியில் சொன்னார். அந்த வழிகள் எல்லாம் ரீப்ளேயில்தான் தெரிகின்றன, அங்கே நின்றபோது தெரியவில்லை என்பது அவர் கட்சி. நான் அவர் கட்சிதான். வடசென்னையில் இதைச் சத்தமாகச் சொன்னால் பாதிப் பேர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும்.

நாம் ஆட்டத்தைப் பார்ப்பது மைதானத்தின் நடுக்கோட்டுக்கு நேராக, மேல்தட்டில் வைத்த கேமரா வழியாக. அங்கிருந்து பார்த்தால் 22 பேரும் கேரம் போர்டில் காய்கள் மாதிரி பரந்து கிடப்பார்கள். யார் சும்மா நிற்கிறான், எந்த இடம் காலி என்று சின்னப் பையனுக்கும் தெரியும். ஆடுகிறவனின் கண் ஐந்தரை, ஆறடி உயரத்தில் இருக்கிறது. அவனுக்கு முன்னால் ஒரு கோல்கீப்பர் சுவர் மாதிரி விரிந்து வருகிறார். பந்து குதித்துக்கொண்டிருக்கிறது. பின்னால் துரத்துகிறவனின் மூச்சு காதில் விழுகிறது. பாஸ் கொடுக்க வேண்டுமென்றால் பந்திலிருந்து கண்ணை எடுக்க வேண்டும். எடுத்தால், அந்தத் துள்ளல் கைவிட்டுப் போகும்.

டீக்கடை விவாதத்தில் கொஞ்ச நேரம் காது கொடுத்தால் யார் விளையாடுகிறவன், யார் பார்க்க மட்டும் செய்கிறவன் என்று பிரித்துவிடலாம். பார்க்கிறவன் "அங்க ஆள் ஃப்ரீயா இருந்தான்" என்பான். விளையாடுகிறவன் கேட்கும் கேள்வி வேறு: "பந்து எந்தக் கால்ல இருந்துச்சு?" ஞாயிற்றுக்கிழமை வியாசர்பாடியில் ஆடி முட்டியில் சிராய்ப்போடு திரும்புகிற பையன், உடம்பு எந்தப் பக்கம் சாய்ந்திருந்தது என்று எழுந்து நின்று காட்டுவான். டீ கிளாஸைக் கோல்கீப்பராக வைத்து, பிஸ்கட்டைப் பந்தாக வைத்து டெமோ நடக்கும். இந்த வகை ஆட்கள் அதிகம் இருப்பதால்தான் இங்கே விவாதம் சீக்கிரம் முடிவதில்லை.

வியாசர்பாடியைச் சென்னையின் குட்டி பிரேசில் என்பார்கள். குடிசைப் பகுதிக் குழந்தைகளைக் கால்பந்தின் வழியே பள்ளிக்கும் கல்லூரிக்கும் கொண்டுபோகும் அமைப்பு அங்கே 20 ஆண்டுகளுக்கும் மேலாக இயங்குகிறது. குத்துச்சண்டைக்கும் கேரமுக்கும் பேர்போன வடசென்னையில் பந்துக்குத் தனி மவுசு. பெரும்பாலும் ஆடுவது சிறிய மைதானத்தில், ஐந்து பேர் அல்லது ஏழு பேர் ஆட்டம். கோடு என்பது சுண்ணாம்புத் தூள். இரண்டாவது ஆட்டத்துக்குள் காலடியில் கலைந்துவிடும். பயிற்சி ஆட்டமென்றால் கோடும் இல்லை, இரண்டு செருப்புதான் கோல் போஸ்ட். பந்து உள்ளே போனதா, செருப்புக்கு மேலே போனதா என்பதைத் தீர்மானிப்பது தொண்டை. யார் அதிகம் கத்துகிறார்களோ அவர்களுக்குக் கோல்.

இந்தத் தொண்டைத் தீர்ப்புக்கு உலகக் கால்பந்து முடிவு கட்டப் பார்த்தது. 2010 உலகக் கோப்பையில் ஜெர்மனிக்கு எதிராக இங்கிலாந்தின் லாம்பார்ட் அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டு, கோட்டுக்கு உள்ளே நன்றாக விழுந்து வெளியே வந்தது. உலகமே பார்த்தது, நடுவர் பார்க்கவில்லை. 2012-ல் கோல் கோட்டுத் தொழில்நுட்பத்துக்கு விதிக்குழு அனுமதி கொடுத்தது. 2019 ஜனவரியில் மான்செஸ்டர் சிட்டியின் ஸ்டோன்ஸ் கோட்டிலிருந்து தட்டிவிட்ட பந்து முழுதாகக் கடக்க இன்னும் ஒரு சென்டிமீட்டர் சொச்சம்தான் பாக்கி என்று கருவி சொன்னது. லிவர்பூல் ரசிகர்கள் அந்த ஒரு சென்டிமீட்டரை இன்னும் அளந்துகொண்டிருக்கிறார்கள். அந்த ஆட்டத்தில் தோற்றார்கள். லீக் பட்டமும் ஒரே புள்ளியில் போனது.

கோல் கோடு என்றால் இரண்டு கம்பங்களுக்கு நடுவே உள்ளது மட்டும் இல்லை. கார்னர் கொடி முதல் கார்னர் கொடி வரை அது ஒரே கோடு. விவாதங்களில் ருசியானவை அந்த ஓரத்தில்தான் பிறக்கின்றன. கோட்டை ஒட்டி ஓடிப்போய், பந்து வெளியே போகிற கடைசி நொடியில் பின்னுக்கு இழுத்துக் கொடுக்கும் பாஸ் இருக்கிறதே, 'கட் பேக்', கோல்கீப்பர்களுக்கு அதைப்போல் எரிச்சலூட்டுவது வேறில்லை. அவர் கிட்டக் கம்பத்தை மூடப் போயிருப்பார். தடுப்பாட்டக்காரர்கள் தங்கள் கோலைப் பார்த்து ஓடிக்கொண்டிருப்பார்கள். முதுகுக்குப் பின்னால் வருகிறவனை அவர்களால் பார்க்க முடியாது. வாங்குகிறவன் பந்துக்குப் பின்னால் இருப்பதால் ஆஃப்சைடும் கிடையாது.

2022 டிசம்பர் 1, தோஹா கலீஃபா மைதானம். நமக்கு நள்ளிரவு பன்னிரண்டரைக்கு ஆட்டம். ஜப்பானும் ஸ்பெயினும் 1-1. 51-வது நிமிடத்தில் ஜப்பானின் மிட்டோமா கோட்டுக்கு வெளியே போய்க்கொண்டிருந்த பந்தை இழுத்து உள்ளே தள்ள, தனாகா முட்டியால் கோலுக்குள் தட்டினார். பந்து வெளியே போய்விட்டது என்று கொடி உயர்ந்தது. வீடியோ நடுவர்கள் பார்த்துவிட்டுக் கோல் என்றார்கள். பக்கவாட்டில் எடுத்த படத்தில் பந்துக்கும் கோட்டுக்கும் நடுவே பச்சைப் புல் தெளிவாகத் தெரிந்தது. அதை வைத்து உலகமே அடித்துக்கொண்டது.

பந்து உருண்டை என்பதை மறந்ததால் வந்த சண்டை அது. பந்தின் விட்டம் சுமார் 22 சென்டிமீட்டர். தரையில் அது தொடுவது ஒரு புள்ளியை. அந்தப் புள்ளி கோட்டைத் தாண்டி கிட்டத்தட்ட 11 சென்டிமீட்டர் வெளியே இருந்தாலும், பந்தின் வயிறு கோட்டுக்கு மேலே துருத்திக்கொண்டிருக்கும். பந்து முழுதும் கோடு முழுவதையும் தாண்டினால்தான் வெளியே. மிட்டோமாவின் பந்து 1.88 மில்லிமீட்டர் அளவுக்குக் கோட்டின் மேலே மிச்சமிருந்ததாகச் செய்திகள் வந்தன. அந்தக் கோல் இல்லாமல் ஆட்டம் 1-1 என்று முடிந்திருந்தால், அதே இரவில் கோஸ்டாரிகாவை 4-2 என்று வென்ற ஜெர்மனி அடுத்த சுற்றுக்குப் போயிருக்கும், ஜப்பான் வீட்டுக்கு.

பதினெட்டு மாதம் கழித்து அதே தோஹாவில், நம் கண் முன்னால், தலைகீழாக நடந்தது. 2024 ஜூன் 11, ஜாசிம் பின் ஹமாத் மைதானம், உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று. ஐந்து நாள் முன்புதான் கொல்கத்தாவில் சுனில் சேத்ரி விடைபெற்றிருந்தார். கத்தார் ஏற்கெனவே தேறிவிட்டதால் இளைஞர்களை இறக்கியிருந்தது. 37-வது நிமிடத்தில் சாங்தே அடித்து இந்தியா 1-0. ஜெயித்தால் மூன்றாம் சுற்று. இந்தியா அதுவரை எட்டாத இடம். 73-வது நிமிடத்தில் கத்தாரின் ஃப்ரீ கிக். யூசுப் ஐமன் தலையால் முட்டியதை நம் கோல்கீப்பர் குர்ப்ரீத் தடுத்தார். பந்து கம்பத்துக்குப் பக்கத்தில் கோட்டைத் தாண்டி உருண்டது. குர்ப்ரீத் தரையில் கிடக்க, இந்திய வீரர்கள் கார்னர் என்று நினைத்து நின்றார்கள். கத்தார் வீரர் ஒருவர் வெளியே போன பந்தைக் காலால் உள்ளே இழுத்துப் போட, ஐமன் அடித்தார். தென் கொரிய நடுவர் கிம் வூ-சங் கோல் என்றார். அந்தச் சுற்றில் வீடியோ நடுவர் கிடையாது. 85-வது நிமிடத்தில் அல்-ராவி இன்னொன்று அடிக்க, 2-1. இந்தியா வெளியே. அகில இந்தியக் கால்பந்து சம்மேளனம் ஃபிஃபாவிடம் புகார் கொடுத்தது. முடிவு மாறவில்லை. ஒரு வாரத்துக்குள் பயிற்சியாளர் ஸ்டிமாச்சின் வேலை போனது.

இங்கேயும் இரண்டு கட்சி. "அந்தக் கோல் இல்லன்னாலும் 85-ல ஒண்ணு வாங்கியிருப்போம். குவைத் வேற ஆப்கானிஸ்தானை ஜெயிச்சுட்டான். டிரா ஆனா நமக்கு இன்னா யூஸு?" கணக்கு சரிதான். குவைத் 7 புள்ளி எடுத்தது. டிரா செய்திருந்தால் நமக்கு 6. எதிர்க்கட்சிக்காரர் மேசையைத் தட்டுவார்: "அந்த அநியாயம் நடக்காம இருந்தா டீம் உடைஞ்சு போயிருக்காது. அந்த ரெண்டாவது கோலே வந்திருக்காது." இதற்கு எந்தக் கேமராவிலும் பதில் இல்லை. எனக்கு ஆத்திரம் வேறு இடத்தில். குழாய்ச் சண்டை மாதிரி கத்தியாவது நிறுத்தியிருக்க வேண்டிய இடத்தில், விசில் வரும் என்று நின்றுவிட்டார்கள் பாருங்கள். விசில் ஊதும் வரை ஆடு என்பதைத்தான் எந்த மண் மைதானத்திலும் முதலில் சொல்லிக்கொடுப்பார்கள்.

கோட்டருகே கொடுக்கப்போய்க் கெட்ட கதைகளும் உண்டு. ஸ்பெயினுக்கு எதிராக 2010 நவம்பரில் ரொனால்டோ பிக்கேயை ஏமாற்றி, காசியாஸ் தலைக்கு மேல் தூக்கிப் போட்ட பந்து தானாகவே கோலுக்குள் போய்க்கொண்டிருந்தது. கோட்டில் நின்ற சக வீரர் நானி ஆசையில் தலையைக் கொடுத்தார், ஆஃப்சைடு. செவன்ஸ் ஆட்டங்களில் பெரும்பாலும் ஆஃப்சைடு பார்ப்பதில்லை. அதனால் நம் பையன்களுக்கு நானி மேல் கொஞ்சம் இரக்கம் உண்டு. பதினொரு பேர் ஆட்டத்துக்குப் புதிதாகப் போகும்போது எல்லாரும் ஒருமுறை நானி ஆகிறவர்கள்தான். 2005 அக்டோபரில் ஆர்சனலின் பிரெஸ் செய்ததற்கு மட்டும் யாரும் இரக்கப்படுவதில்லை. மான்செஸ்டர் சிட்டிக்கு எதிரான பெனால்டி. நேரே அடிக்காமல், ஓடிவரும் ஆன்ரிக்குப் பாஸ் கொடுக்கும் திட்டம். 1982-ல் யோகன் கிரைஃப் செய்து காட்டிய வித்தை. பிரெஸ்ஸின் கால் பந்தை லேசாக உரசியதோடு சரி, பாஸ் போகவில்லை. இரண்டுமுறை தொட்டதாக நடுவர் ஃப்ரீ கிக்கை எதிரணிக்குக் கொடுத்தார். அதே ஆட்டத்தில் சற்று முன்னால் இன்னொரு பெனால்டியைச் சாதாரணமாக அடித்து ஆர்சனலின் ஒரே கோலைப் போட்டவரும் பிரெஸ்தான். குசும்பு.

இப்போது புள்ளிவிவரக்காரர்கள் ஒவ்வொரு ஷாட்டுக்கும் ஒரு எண் போடுகிறார்கள். கோலிலிருந்து எவ்வளவு தூரம், எந்தக் கோணம், காலா தலையா என்று பார்த்து, இப்படிப்பட்ட வாய்ப்பில் நூற்றுக்கு எத்தனை கோல் விழும் என்று கணக்கு. பெனால்டிக்குக் கிட்டத்தட்ட 0.78. ஆனால் அடித்த பந்துக்குத்தான் அந்த எண். கொடுக்காத பாஸுக்கு அந்தப் பட்டியலில் கட்டம் கிடையாது. அது போய்ச் சேர்ந்திருக்குமா, நடுவில் யாராவது காலை நீட்டியிருப்பார்களா, வாங்கியவன் ஆகாயத்தில் அடித்திருப்பானா என்ற மூன்று சந்தேகத்தையும் தாண்டித்தான் அது கோல். டீக்கடையில் அந்த மூன்றையும் ஒரே மூச்சில் தாண்டிவிடுகிறோம்.

இதே பக்கத்துப் பையன் ஒருவரிடம் ஒருநாள் அடிப்பதா, கொடுப்பதா என்ற கேள்வி பெரிதாக வந்து நின்றது. 2023 ஆகஸ்ட் 12, கொல்கத்தா சால்ட் லேக் மைதானம், டூரண்ட் கோப்பை. மோகன் பகான் அதற்கு முந்தைய எட்டு டெர்பிகளிலும் ஈஸ்ட் பெங்காலைத் தோற்கடித்திருந்தது. 60-வது நிமிடத்தில் வலது ஓரத்தில் பந்தோடு நின்றார் ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடிய வியாசர்பாடி நந்தகுமார் சேகர். எதிரே மோகன் பகானின் அனிருத் தாபா. நந்தகுமார் உள்பக்கம் வெட்டி, இடது காலுக்கு மாற்றி, தூரக் கம்பத்துப் பக்கம் வளைத்து அடித்தார். கோல்கீப்பர் விஷால் கெய்த் பாய்ந்தும் எட்டவில்லை. 1-0. எட்டுத் தோல்விக்குப் பிறகு ஈஸ்ட் பெங்கால் ஜெயித்தது. அதே மாதம் அரையிறுதியில், ஆட்டம் முடிகிற நேரத்தில், 97-வது நிமிடத்தில் சமன் செய்ததும் அவர்தான். இறுதியில் மோகன் பகான் பத்துப் பேரோடு ஆடிப் பழிதீர்த்தது வேறு கதை.

அந்த 60-வது நிமிடப் பந்து கம்பத்துக்கு வெளியே போயிருந்தால் காவாங்கரையில் என்ன பேசியிருப்பார்கள் என்று சொல்லத் தேவையில்லை. உள்ளே போனதால் அவர் பாஸ் கொடுத்திருக்க வேண்டும் என்று இங்கே ஒருவர்கூடச் சொல்லிக் கேட்டதில்லை. அந்தப் பாட்டை கொல்கத்தாவில் பச்சை-மெரூன் சட்டைக்காரர்கள் பாடியிருப்பார்கள், கொஞ்சம் மாற்றி: தாபா ஏன் அவனை இடது காலுக்கு விட்டான்?