எல்லோராவில் ஒரு பகல்

இந்தியாவின் மகாராஷ்டிர மாநிலத்தில், ஔரங்காபாத் (2023 முதல் சத்ரபதி சம்பாஜிநகர்) நகரிலிருந்து சுமார் 30 கிலோமீற்றர் தொலைவில் எல்லோரா குகைகள் உள்ளன. செவ்வாய்க்கிழமைகளில் மூடியிருக்கும் என்பதால், நாங்கள் நான்கு பெண்கள் புதன்கிழமை காலை பஸ்ஸில் புறப்பட்டோம்.

ஒரே மலைச்சரிவில் 34 குகைகள். முதல் 12 பௌத்தருடையவை, அடுத்த 17 இந்துக்களுடையவை, கடைசி 5 சமணருடையவை. 16ஆவதான கைலாசநாதர் கோயில் கல் அடுக்கிக் கட்டப்பட்டதல்ல. 8ஆம் நூற்றாண்டில், இராஷ்டிரகூட மன்னன் முதலாம் கிருஷ்ணன் காலத்தில், மலையை உச்சியிலிருந்து கீழ்நோக்கிக் குடைந்து செதுக்கியிருக்கிறார்கள்.

அதன் தென்புறத்தில் எங்கள் இலங்கை வேந்தன் இராவணன் கைலை மலையை அசைக்கும் சிற்பம் உண்டு. மலை அதிர, பார்வதி சிவனைப் பற்றிக்கொள்கிறாள். பக்கத்தில் ஒரு தோழிப்பெண் அஞ்சி ஓடுகிறாள். எல்லோரும் சிவபெருமானைப் பார்த்தார்கள். நாங்கள் அவளையே பார்த்து நின்றோம். நிலம் அதிர ஓடியவர்கள் அல்லவா நாங்கள்?

பின்னர் பௌத்த, சமணக் குகைகளுக்கும் போனோம். மூன்று சமயத்தாரும் இம்மலையில் அயலவராய் வழிபட்டிருக்கிறார்கள். சகோதரிகளே, திருகோணமலை போன்ற எங்கள் ஊர்களிலும் கோயில், விகாரை, பள்ளிவாசல், தேவாலயம் எல்லாம் கிட்டக்கிட்டத்தான் இருக்கின்றன. அயலவருக்கு அஞ்சி ஓடாத வாழ்வு எங்கள் பிள்ளைகளுக்காவது கிடைக்க வேண்டும்.