கன்ஜெஷன் என்றால் கூட்டம் அல்ல!



அதிகாரிகளுடன் நடக்கும் பேச்சுகளிலும், நமக்கு வரும் நோட்டீசுகளிலும் அடிக்கடி அடிபடும் ஆங்கிலச் சொல் 'கன்ஜெஷன்'. "உங்கள் தெருவில் கன்ஜெஷன் அதிகம்" என்கிறார்கள். "கடைத்தெரு என்றால் கூட்டம் இருக்கத்தானே செய்யும்" என்று நாம் பதில் சொல்கிறோம். இருவரும் ஒன்றையே பேசுவதுபோல் தோன்றும். ஆனால் அவர்கள் சொல்வது வேறு, நாம் சொல்வது வேறு.

லத்தீன் மொழியில் 'ஒன்றாகக் குவித்தல்' என்னும் பொருளில் பிறந்த சொல் இது. முதலில் மருத்துவர்கள்தான் இதை அதிகம் கையாண்டனர். உடலில் ரத்தமோ சளியோ ஓரிடத்தில் தேங்கி நிற்பதே கன்ஜெஷன். 'நெஞ்சில் கன்ஜெஷன்' என்று டாக்டர்கள் இன்றும் சொல்கிறார்கள். தெருவுக்கும் போக்குவரத்துக்கும் இச்சொல் வந்தது 19-ம் நூற்றாண்டில்தான். ஆகவே, நிறையப் பேர் இருப்பதல்ல, ஓட வேண்டியது ஓடாமல் அடைபட்டு நிற்பதே இதன் பொருள். தமிழில் 'நெரிசல்' என்பது ஏறக்குறையப் பொருந்தும்.

தீபாவளிக்கு முந்தின நாள் மளிகைக் கடையில் 40 பேர் நிற்கிறார்கள். சீட்டு வாங்கி, பொட்டலம் கட்டி, பணம் பெற்று அனுப்பிக்கொண்டே இருந்தால் அது 'ரஷ்'. கல்லாவுக்கு நல்லது. அதே 40 பேர், வாசலில் எண்ணெய் டின்னும் அரிசி மூட்டையும் வழிமறிக்க, வாங்கியவர் வெளியே வர முடியாமலும் வாங்க வந்தவர் உள்ளே போக முடியாமலும் நின்றால் அதுதான் கன்ஜெஷன். ரஷ் லாபம் தரும். கன்ஜெஷன் வந்த வாடிக்கையாளரை அடுத்த கடைக்கு அனுப்பிவிடும்.

மொத்த வியாபாரத்திலும் இதே கணக்குத்தான். லாரி மண்டிக்குள் நுழைய முடியாமல் நின்றால் ஹால்டிங் வாடகை ஏறும், லோடுமேன்கள் சும்மா உட்கார்ந்திருப்பார்கள், தக்காளி அழுகும். துறைமுகத்தில் சரக்கு தேங்கினால் டெமரேஜ். கப்பல் கம்பெனிகள் 'கன்ஜெஷன் சர்சார்ஜ்' என்றே தனியாக பில்லில் சேர்ப்பதும் உண்டு. 2021-ல் உலகத் துறைமுகங்கள் பலவற்றில் கப்பல்கள் காத்துக் கிடந்தபோது வாடகை எங்கே போயிற்று என்பதை இறக்குமதியாளர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அந்தச் செலவெல்லாம் பருப்பு விலையில்தான் வந்து சேரும்.

லண்டன் மாநகரம் 2003 பிப்ரவரியில் இந்தப் பெயரிலேயே ஒரு கட்டணம் கொண்டுவந்தது. நகரின் மையப் பகுதிக்குள் நுழையும் வண்டிக்கு அன்று நாளொன்றுக்கு 5 பவுண்டு.

நமக்கோ இச்சொல்லின் விலை இன்னும் அதிகம். சென்னை கொத்தவால் சாவடி காய்கறி, பழ மொத்தச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்கு மாற்றப்பட்டதற்குக் காரணமாகச் சொல்லப்பட்டது ஜார்ஜ் டவுன் நெரிசல்தான். தலைமுறை தலைமுறையாக இருந்த இடத்தைவிட்டு வியாபாரிகள் பெயர்ந்தார்கள். 2020 மே மாதம் கொரோனா பரவியபோது அதே கோயம்பேடும் மூடப்பட்டது. காய்கறி வியாபாரம் திருமழிசைக்குப் போய், செப்டம்பரில்தான் திரும்பியது.

ஆகவே நோட்டீசில் இச்சொல்லைக் கண்டால் "கூட்டம் வருவது குற்றமா?" என்று வாதாடிப் பயனில்லை. அடைப்பு எங்கே, எந்த நேரத்தில், எதனால் என்று கேட்க வேண்டும். லோடு இறக்கும் நேரமா, சாலையோரம் நிற்கும் வண்டிகளா, நம் கடை முன் நீட்டிய சரக்கா என்று பிரித்துப் பார்த்தால் பெரும்பாலும் வழி கிடைக்கும். லோடை இரவிலோ விடியற்காலையிலோ இறக்குவது, கடைக்கு முன் 3 அடியாவது வழி விடுவது, ஒரே தெருவினர் முறை வைத்து லாரியை அழைப்பது ஆகியவற்றுக்குப் பெரிய செலவில்லை. அடைப்பை நாமே நீக்கிக் காட்டினால், சந்தையையே நீக்க வேண்டும் என்னும் பேச்சுக்கு இடமிருக்காது.

கடைக்குக் கூட்டம் வரட்டும். அது தேங்காமல் பார்த்துக்கொள்வது நம் பொறுப்பு.